வாயில் இடம்மாறிய வரலாறு: ஜொகூர்த் தமிழ் மாணவரும் பல்கலைக்கழகச் சேர்க்கையும்

மலாயாவின் உயர்கல்வி குறித்து ஆராய 1947இல் வந்த சர் அலெக்சாண்டர் கார்-சாண்டர்ஸ் தலைமையிலான ஆணைக்குழு, அடுத்த ஆண்டில் வெளிவந்த தன் அறிக்கையில், அமையவிருக்கும் பல்கலைக்கழகத்துக்குரிய நிலையான இடமாக ஜொகூர் பாருவைப் பரிந்துரைத்தது. ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபர் 8இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கியபோது, அது பிற்காலத்தில் நீரிணையைக் கடந்து ஜொகூருக்கு இடம்பெயரும் என்ற எண்ணம் உயிரோடு இருந்தது. பின்னர் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1959இல் கோலாலம்பூரில் ஒரு பிரிவு தோன்றியது. 1962இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஜொகூர் மண்ணில் முழுமையான பல்கலைக்கழக வளாகம் ஒன்று எழுந்தது 1985இல், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஸ்கூடாய்க்கு வந்தபோதுதான். காகிதத்தில் வந்த பல்கலைக்கழகம் கட்டடமாக வர முப்பத்தேழு ஆண்டுகள் சென்றன.

இந்த முப்பத்தேழு ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் ஜொகூர்த் தமிழ் மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்துள் நுழைவதை எது தீர்மானித்தது? மதிப்பெண்ணா, மொழியா, இன விகிதமா, பணமா, புறப்பாடமா, அல்லது தேர்ந்தெடுத்த வழியா? இவை யாவும் எக்காலத்தும் உடனிருந்தவை என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றின் எடை ஒரே நிலையில் நின்றதில்லை. மக்கள் கண்ணுக்குத் தெரியும் வாயில் பல்கலைக்கழக வாயிலே. ஆனால் உண்மையான வடிகட்டல் அதற்குச் சில ஆண்டுகள் முன்பாக, பெரும்பாலும் எவரும் கவனியாத ஓர் இடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது என்பதே நம் கருத்து. அந்த இடம் காலந்தோறும் மாறிவந்துள்ளது. அதனைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பன்னிரண்டு வயதில் மூடிய கதவு

தொடக்க காலத்தில் நாட்டின் ஒரே பல்கலைக்கழகத்தில் இந்தியர், இலங்கையர் ஆகியோரின் பங்கு அவர்தம் மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாகவே இருந்தது. இத்தகவலை எடுத்துக்காட்டி, 'அக்காலம் பொற்காலம்' என்று கூறுவோர் இன்றும் உளர். அவ்வாறு நுழைந்தவர் யாவர் என்று நோக்குமிடத்து இம்மகிழ்ச்சி குறைந்துவிடுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நகர்ப்புற ஆங்கிலப் பள்ளிகளில் பயின்றோர்; அரசு எழுத்தர், ஆசிரியர், இரயில்வே அலுவலர், தோட்டக் கிராணி, மருந்தக உதவியாளர் ஆகியோரின் பிள்ளைகள். ஜொகூரைப் பொறுத்தவரை 1914இல் தோன்றிய ஆங்கிலக் கல்லூரி, பின்னாளில் சுல்தான் அபூபக்கார் கல்லூரி எனப் பெயர் பெற்றது, இத்தகைய வழிகளுள் முதன்மையானது. குளுவாங், சிகாமட், மூவார் ஆகிய ஊர்களின் ஆங்கிலப் பள்ளிகளும் அவ்வாறே.

ரெங்கம், லாபிஸ், காஹாங், கூலாய் வட்டாரத் தோட்டங்களின் பால்மரம் வெட்டுவோர் பிள்ளைகளுக்கு இருந்தது தோட்டத் தமிழ்ப்பள்ளி. 1920களின் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்திய கடமையால் எழுந்த பள்ளிகள் அவை. ஓர் ஆசிரியர் பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்திய நிலையும், காலையில் வெட்டுக்குச் செல்லும் தாய்க்குத் துணையாகப் பிள்ளை நிற்க வேண்டிய நிலையும் பலரால் எழுதப்பட்டுவிட்டன. இங்கு நமக்கு வேண்டுவது ஒன்றே. தமிழ்மொழியில் தொடங்கிய கல்விக்கு இடைநிலைப் பள்ளி என்ற அடுத்த படி இல்லை. பல்கலைக்கழகத்தின் பயிற்றுமொழி ஆங்கிலம். அதற்கு ஆளனுப்பிய பள்ளிகளின் மொழியும் ஆங்கிலம். ஆறாம் ஆண்டின் முடிவில் எழுத வேண்டியிருந்த இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வில் தோற்றவர் அத்துடன் நின்றனர். 1964க்குப் பின் அத்தேர்வு நீக்கப்பட்டு, படிவம் மூன்றுவரை செல்லும் வழி திறந்தது. அப்போதும் தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்கி, மொழி மாறி, பிறகே முதற் படிவம் ஏறினர். அந்த ஓராண்டைச் சிறிது என்று தள்ள இயலாது. வருமானம் குறைந்த குடும்பத்தில் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு, புத்தகமா வேலையா என்பதுதான்.

எனவே 1950களிலும் 1960களிலும் தோட்டப்புறத் தமிழ் மாணவரின் பல்கலைக்கழகச் சேர்க்கையைத் தீர்மானித்த முதற்காரணி மொழியும் பள்ளியின் இருப்பிடமுமே. அவர்களுள் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு அறைக்கு வந்தாரில்லை. ஆகவே மதிப்பெண்ணால் தோற்றனர் என்று கூறுதல் பொருந்தாது. இதே காலத்தில்தான் 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது என்பதையும், அத்துறையில் தமிழ் உரிய இடம்பெற வேண்டும் என்று கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழ் முரசு வழியாக இயக்கம் நடத்தினார் என்பதையும் இணைத்து எண்ணுதல் தகும். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குச் சில்லறை கொடுத்தோருள் தொழிலாளரும் அடங்குவர். தங்கள் பிள்ளை அத்துறையின் வகுப்பறைக்குள் வருமா என்பதை அறியாமலே அவர்கள் அதன் நூல்களுக்குப் பணம் கொடுத்தனர்.

விகிதத்தின் காலம்

1969 மே 13க்குப் பின் அரசு அமைத்த, அப்துல் மஜிட் இஸ்மாயில் தலைமையிலான குழு, மலாயாப் பல்கலைக்கழக வளாக நிலையை ஆராய்ந்து 1971இல் அறிக்கை அளித்தது. அறிவியல், பொறியியல் புலங்களில் மலாய் மாணவர் எண்ணிக்கை மிகச் சொற்பமாக இருந்ததை அது சுட்டிக்காட்டியது; மாணவர் தொகை நாட்டின் இன அமைப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என்றது. இக்குறை உண்மையானது. தோட்டத் தமிழ்ப் பிள்ளையை வெளியே நிறுத்திய அதே ஆங்கிலப் பள்ளி முறை, கம்பத்து மலாய்ப் பிள்ளையையும் வெளியே நிறுத்தியிருந்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. அதே 1971இல் கூட்டரசு அரசமைப்பின் 153ஆம் விதியில் (8அ) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு பாடத்துறையில் இடங்களைவிடத் தகுதியுள்ளோர் மிகுந்திருப்பின், மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் நியாயமான அளவு இடங்களை ஒதுக்குமாறு மாமன்னர் பணிக்கலாம் என்பது அதன் சாரம். அந்த அளவு எவ்வளவு என்பது அரசமைப்பில் இல்லை. அது அரசியல் பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டது. 1970களின் இறுதியில் பூமிபுத்ராவினர் 55, மற்றையோர் 45 என்ற விகிதம் ஆளுங்கூட்டணிக்குள் உடன்பாடாயிற்று. இந்தியரின் பங்கு அந்த நாற்பத்தைந்தினுள் பத்து என்று பேசப்பட்டது.

இவ்விகிதம் பற்றிய விவாதமே கடந்த அரை நூற்றாண்டின் மேடைப் பேச்சுகளை நிறைத்துவிட்டது. அதன் எடையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் அதுவே இறுதிச் சொல்லாக இருந்த ஆண்டுகள் பல. ஆயினும் விகிதம் என்பது வரிசையில் நின்றவரைப் பற்றியது. வரிசைக்கு வராதவர் பற்றி அது ஒன்றும் கூறாது. 1970 முதல் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கிலப் பள்ளிகள் மலாய்மொழிக்கு மாறின, 1982இல் எஸ்.டி.பி.எம். தேர்வு பழைய உயர்நிலைச் சான்றிதழின் இடத்தைப் பிடித்தது. 1983இல் பல்கலைக்கழக வகுப்புகளும் மலாய்மொழிக்கு வந்துசேர்ந்தன. இம்மாற்றத்தால் ஆங்கிலப் பள்ளி வழிவந்த நகர்ப்புறக் குடும்பங்கள் தம் முன்னுரிமையை இழந்தன. தோட்டப்புற மாணவருக்கோ இதில் ஒரு நன்மையும் இருந்தது. தமிழ்ப்பள்ளியிலேயே பாடமாகப் படித்த மொழி இப்போது பல்கலைக்கழகத்தின் மொழியுமாயிற்று. ஏட்டளவில் அவருக்கும் நகரத்தாருக்கும் இடையிலிருந்த தொலைவு குறைந்தது.

குறைந்த தொலைவைக் கடக்க வேண்டிய பயிற்சியைச் சமூகமே ஏற்பாடு செய்துகொண்டது என்பது குறிக்கத்தக்கது. எஸ்.டி.பி.எம். தோன்றிய அதே 1982இல் டாக்டர் மு. தம்பிராஜா அவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் வார இறுதி வகுப்புகளை நாடெங்கும் பரப்பியது. ஜொகூரிலும் அதன் வகுப்புகள் நடந்தன. தோட்டத்தில் முதல் பட்டதாரி என்ற சொல் கேட்கத் தொடங்கியதும் இக்காலத்திற்குப் பிறகே.

பதினேழு வயதின் இரு பாதைகள்

2002இல் விகிதமுறை நீக்கப்பட்டு, மெரிட்டோகிராசி எனப்பட்ட தகுதிமுறை பொதுப் பல்கலைக்கழகங்களில் நடைமுறைக்கு வந்தது. மதிப்பெண்ணே இனி அளவுகோல் என்று அறிவிக்கப்பட்டபோது நம் சமூகத்தில் மகிழ்ந்தோர் பலர். முதலாண்டு முடிவு வந்தது. இடம் பெற்ற இந்தியர் பங்கு ஐந்து விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. பேச்சளவில் இருந்த பத்து விழுக்காடு, தகுதியின் பெயரால் பாதியாயிற்று. இதற்கு மாணவரின் சோர்வைக் காரணமாகக் கூறுவோர் வாயிலைத் தவறான இடத்தில் தேடுகின்றனர் என்றே நாம் கருதுகிறோம்.

பல்கலைக்கழகத்துக்கு வரும் பாதைகள் அப்போதே இரண்டாகப் பிரிந்திருந்தன. ஒன்று இரண்டாண்டு ஆறாம் படிவம்; அதன் முடிவில் மலேசியத் தேர்வுக் கழகம் நடத்தும் எஸ்.டி.பி.எம். மற்றொன்று கல்வி அமைச்சின் மெட்ரிகுலேசன் கல்லூரி. பெரும்பாலோர்க்கு ஓராண்டு, அமைச்சின் மெட்ரிகுலேசன் பிரிவே பாடமும் தேர்வும் வகுப்பது. ஜொகூரில் அக்கல்லூரி தங்காக்கில் இருக்கிறது. இரு பாதையின் முடிவும் 4.00ஐ உச்சமாகக் கொண்ட ஒரே புள்ளிமுறையில் எழுதப்படுகிறது. எனவே ஏட்டில் இரண்டும் சமம். 2002 வரை மெட்ரிகுலேசன் பூமிபுத்ராவினருக்கு உரியதாயிருந்தது. 2003 முதலே பத்து விழுக்காட்டு இடங்கள் மற்றையோர்க்குத் திறக்கப்பட்டன. இரு வேறு ஓடுதளங்களில் ஓடியோரின் நேரத்தை ஒரே கடிகாரத்தில் அளந்து, முந்தியவரை வென்றார் என்பதற்கு ஒப்பானது இது. எஸ்.டி.பி.எம். தேர்வில் நிறைவான 4.00 பெற்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் 2004இல் மருத்துவ இடம் கிடைக்காமல் நின்றது நாடறிந்த செய்தி. அவர்களுக்குக் குறைவாக இருந்தது மதிப்பெண்ணன்று.

வேறுபட்ட தேர்வுகளை ஒப்பிடும் இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், மொழிவாரியாக மதிப்பெண்ணைச் சீராக்குவதாகக் கூறித் தமிழ் மாணவருக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்தியது. அதன் கசப்பு அந்நாட்டு வரலாற்றையே திசைதிருப்பியது. பின் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. 2001 முதல் இசட் புள்ளி எனப்படும் கணக்கு, ஒரு பாடம் அவ்வாண்டு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையும் சேர்த்து அளக்க முயல்கிறது. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து நீங்கியது. 2017இல் மருத்துவத்துக்கு நீட் நுழைந்தது. அரசுப் பள்ளி மாணவர் பின்தங்கியதைக் கண்டு 2020இல் அவர்களுக்கு 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு வகுக்கப்பட்டது. முறை எதுவாயினும், எந்தப் பள்ளியிலிருந்து வந்தார் என்ற வினா மதிப்பெண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை அந்த ஏழரை ஒப்புக்கொள்கிறது. நம் நாட்டில் எஸ்.டி.பி.எம். புள்ளியையும் மெட்ரிகுலேசன் புள்ளியையும் எம்முறையில் ஈடுசெய்கின்றனர் என்பது பொதுமக்கள் சரிபார்க்கும் வடிவில் முன்வைக்கப்பட்டதில்லை. இக்குறையை நாம் பெரிதாகவே கருதுகிறோம்.

ஆகவே 2002க்குப் பின் தீர்மானிக்கும் இடம் பதினேழாம் வயதுக்கு வந்துவிட்டது. எஸ்.பி.எம். தேர்வை ஒட்டிய சில வாரங்களில் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவே பின்வரும் பட்டத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. எம்மிடம் பயிலவரும் ஜொகூர் மாணவரிடம் முதல் வாரத்தில் 'எவ்வழி வந்தீர்கள்?' என்று வினவுவது வழக்கமாயிற்று. ஆறாம் படிவம் என்போரே மிகுதி; எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை ஒரு பாடமாக எடுக்க முடிந்தது அவர்களுள் பலர்க்கு ஊன்றுகோலாயிற்று. மெட்ரிகுலேசன் அழைப்பு வந்தும் செல்லாதவர் சிலர். காரணம் கேட்டால், பெர்லிசிலோ லாபுவானிலோ இடம் கிடைத்ததாகவும், பெண் பிள்ளையை அவ்வளவு தொலைவு அனுப்பப் பெற்றோர் இசையவில்லை என்றும் கூறுவர். அங்குத் தங்கும் விடுதியும் உதவித்தொகையும் உண்டு என்பதைப் பலர் முடிவெடுத்த பின்னரே அறிந்தனர்.

ஜொகூருக்கே உரிய மற்றொரு காரணியும் உண்டு. எஸ்.பி.எம். முடித்த இளைஞருக்கு முன் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையும், பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரும் நிற்கின்றன. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடந்து இரவில் திரும்பும் அண்டை வீட்டு அண்ணனின் சம்பளம், ரிங்கிட்டில் மாற்றும்போது பட்டதாரி ஆசிரியரின் தொடக்கச் சம்பளத்தை எட்டுவதை வீட்டார் காண்கின்றனர். ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவமும் அதன்மேல் மூன்று, நான்கு ஆண்டுகளும் என்ற கணக்கு அந்த வாசலில் தோற்றுப்போவது இயல்பே. இதை ஆர்வமின்மை என்று எழுதுவது எளிது. நாம் அவ்வாறு எழுத விரும்பவில்லை.

பத்து மதிப்பெண்ணும் பிற்பகல் பேருந்தும்

தகுதிமுறையில் கல்வித் தேர்ச்சிக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என்பது கணக்கு. பத்துதானே என்று தோன்றும். எளிய கூட்டலொன்று செய்து பார்ப்போம். 4.00 என்பது 90 ஆகுமாயின், புறப்பாடத்தில் இரண்டு மதிப்பெண் என்பது கல்விப் புள்ளியில் ஏறத்தாழ 0.09க்கு ஈடு. ஐந்து மதிப்பெண் 0.22ஐத் தாண்டும். போட்டி மிகுந்த துறைகளில் விண்ணப்பிப்போர் யாவரும் 3.80க்கும் 4.00க்கும் இடையில் நெருங்கி நிற்கும்போது, அந்த இரண்டே வரிசையை மாற்றிவிடும். எல்லோரும் 4.00 என்றால் பத்து மட்டுமே எஞ்சுகிறது.

அந்தப் பத்து எவ்வாறு வருகிறது? சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு. அவற்றில் வகித்த பொறுப்பு. பள்ளி, மாவட்டம், மாநிலம், நாடு என்று ஏறும் படிநிலை. பயிற்சிகள் பிற்பகலில் நடைபெறும். தோட்டத்துக்கோ தொலைவிலுள்ள குடியிருப்புக்கோ செல்லும் பேருந்து பள்ளி விட்டவுடன் புறப்பட்டுவிடும். அதனைத் தவறவிட்டால் தந்தை வேலை விட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே காஹாங் பக்கத்திலிருந்து குளுவாங் வந்து படிக்கும் மாணவர் பெயரளவில் கழக உறுப்பினராயிருப்பார்; செயலாளராக, மாநில ஆட்டக்காரராக ஆவது கடினம். மதிப்பெண் அவரது ஆற்றலை அளப்பதாகக் கூறுகிறது; அது அளப்பது பேருந்தின் நேர அட்டவணையை. ஆங்கிலத்திலும் இதே நிலைதான். 1999இல் தொடங்கிய மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு, வீட்டில் ஆங்கிலம் கேளாத மாணவருக்கு மற்றொரு மேடு.

ஒரு சிறு ஆறுதலையும் பதிவு செய்தல் வேண்டும். பல இடைநிலைப் பள்ளிகளில் தமிழ்மொழிக் கழகம் உண்டு. பிற கழகங்களில் பொறுப்புக் கிட்டாத மாணவர்க்கு அங்குத் தலைவர், செயலாளர் என்ற பொறுப்புக் கிட்டுகிறது. பேச்சுப் போட்டி வழியாக மாவட்டம், மாநிலம் என்று ஏறியவரும் உளர். தமிழுக்குச் செய்த தொண்டு என்று அவர்கள் கருதியது, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சில மதிப்பெண்ணாகவும் நின்றது.

பணம் என்ற காரணியைச் சுருக்கமாகவே கூறலாம். 1996இன் தனியார் உயர்கல்விச் சட்டமும் 1997இன் தேசிய உயர்கல்விக் கடனுதவியும், ம.இ.கா.வின் கல்விக்கழகம் கெடாவில் 2001இல் நிறுவிய எய்ம்ஸ்ட்டும் பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதோர்க்கு மாற்று வழிகளாயின. இடம் கிடைத்தது, கூடவே கடனும் கிடைத்தது.

பத்தாவது பாடம்

2012இல் அரசு இந்திய மாணவருக்கென 1,500 மெட்ரிகுலேசன் இடங்களை அறிவித்தது. அறிவித்த எண்ணுக்கும் நிரம்பிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அதன்பின் ஆண்டுதோறும் விவாதமாயிற்று. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக்கப்பட்டன. 90க்கு 10 என்ற விகிதம் மாறவில்லை. 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் பெறும் எம்மாணவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேசன் இடம் உறுதி என அரசு அறிவித்தது. இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் இருவேறு கருத்து இருக்க இயலாது.

ஆனால் வாயில் மீண்டும் ஓரடி பின்னே நகர்ந்துள்ளதைக் காண்க. ஒன்பது பாடம் எழுதும் மாணவர் ஒன்பதிலும் ஏ பெற்றாலும் பத்து ஏ பெற இயலாது. எத்தனை பாடம் எழுதுவது என்பது நான்காம் படிவத் தொடக்கத்தில், பதினாறாம் வயதில், அப்பள்ளியில் எத்தனை பாடம் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து முடிவாகிறது. இங்கே தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் புதியதொரு பொருள் பெறுகின்றன. எஸ்.பி.எம். பாட எண்ணிக்கையைப் பத்தாக வரையறுக்க 2009இல் முயன்றபோது, இவ்விரு பாடங்களும் கைவிடப்படும் என்ற அச்சத்தால் சமூகம் குரலெழுப்பிப் 'பத்துடன் இரண்டு' என்ற இசைவைப் பெற்றது. அன்று அது மொழிக்கான போராட்டமாகவே பார்க்கப்பட்டது. இன்று அதே தமிழ், ஒரு மாணவரைப் பத்தாம் ஏ வரை கொண்டுசெல்லும் பாடமாகவும் இருக்கிறது.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசிய இடைநிலைப் பள்ளியொன்றில் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். ஜொகூரில் எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றிலிருந்து வெளிவருவோர் பல இடைநிலைப் பள்ளிகளில் சிதறிச் சேர்கின்றனர்; தோட்டங்கள் கலைந்து, குடும்பங்கள் மாசாய், ஸ்கூடாய் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தபின் இச்சிதறல் கூடியுள்ளது. சென்ற ஆண்டு, மாநிலத்தின் உட்பகுதிப் பள்ளியொன்றில் பணியாற்றும் எம் பழைய மாணவி ஒருவர், நான்காம் படிவத்தில் தமிழ் வகுப்புக் கேட்டுக் கையொப்பம் திரட்டிய பட்டியலைக் காட்டினார். பதினான்கு பெயர்கள் இருந்தன. பதினைந்தாவதாக, அடுத்த குடியிருப்பில் உள்ள ஒரு லாரி ஓட்டுநரின் வீட்டுக்கு அன்று மாலை செல்லவிருப்பதாகக் கூறினார்.